ரிப்பேரில் இருந்த பெல்

எங்கள் வீட்டு வாசல் கதவுக்கு பெல் கிடையாது. யார் வந்தாலும் "அக்கா" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு நேராக உள்ளே வந்துவிடுகிற தெரு அது. பெல் இருந்தது கட்டிலுக்குத்தான். கட்டிலில் படுத்திருந்த என் வீட்டுக்காரருக்குக் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. சளி அடைத்தால் அவரால் காறித் துப்ப முடியாது, புரண்டு படுக்க முடியாது. நான் வந்து தலையைத் தூக்கிப் பிடித்து வாயைத் துடைத்துவிட வேண்டும். அவர் கூப்பிட்டு எனக்குக் கேட்காமல் போனால் மூச்சு முட்டிக் கிடப்பார். அதனால் அவர் கூப்பிடுவதற்கென்று நானே ஒரு பெல் செய்தேன். அது கெட்டுப்போன கதையைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் செராமிக் பேட்டையில் பீங்கான் சூளைகளின் சூட்டைக் காட்டுகிற, கட்டுப்படுத்துகிற போர்டுகளை ரிப்பேர் செய்வது என் தொழில். வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு ஷெட்டில் மேசை, மீட்டர், சால்டரிங் அயர்ன். பாலக்கரைப் பக்கமிருந்தும் பேட்டையிலிருந்தும் போர்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். "அதுவா கெட்டுப்போச்சுக்கா" என்பார்கள். எதுவும் அதுவாகக் கெட்டுப்போவதில்லை என்று திட்டிவிட்டுத்தான் கையில் வாங்குவேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊருக்கே தெரியும். அப்படியும் வருவார்கள், ஏனென்றால் என்னிடம் வந்த போர்டு ஓடாமல் திரும்பியது குறைவு.

அவர் வேலை பார்த்தது பொம்மை யூனிட்டில். தண்ணீராகக் கரைத்த களிமண்ணை அச்சில் ஊற்றி, இறுகியதும் பிரித்தெடுத்து, ஓரத்தில் இருக்கும் பிசிறை ஈர ஸ்பான்ஜால் துடைத்து வைக்க வேண்டும். சூளைக்குப் போகாத அந்தப் பொருளைப் பச்சை என்பார்கள். பச்சையில் வேலை பார்ப்பவர்களுக்கு முதலில் பழக்குவது, தொட்ட விரலை உடனே எடுப்பது. ஒரு மூச்சு நேரம் கூடுதலாக வைத்தாலும் ரேகை பதிந்துவிடும். காய்ந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. சூளையில் வெந்து, மேலே பளபளப்பு ஏறி வெளியே வரும்போது பிள்ளையார் கன்னத்தில் யாருடைய கட்டைவிரலோ தெளிவாக இருக்கும். அந்தப் பிள்ளையாரை யாரும் வாங்க மாட்டார்கள்.

அந்தப் பழக்கம் அவருக்கு வீட்டிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. தோசையைத் தொட்டாலும் அப்படித்தான், லைட் சுவிட்சைத் தொட்டாலும் அப்படித்தான். கல்யாணமான புதிதில் என் தோளைத் தொட்டுவிட்டு உடனே கையை எடுத்துக்கொள்வார். "நான் என்னா பச்சையா, ரேகை வுழறதுக்கு?" என்று கேட்டிருக்கிறேன். அவர் காது வரை சிவந்துபோவார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நாங்கள் இரண்டு பேர்தான், சண்டை போட்டாலும் சமாதானம் ஆனாலும்.

ஒருநாள் யூனிட்டில் அவர் துடைத்து வைத்த பொம்மைகளில் ரேகை விழ ஆரம்பித்தது. யாரும் நம்பவில்லை. கூட வேலை பார்த்த மங்கலம்பேட்டைக்காரர் ஒருவர், அவருக்கு நெருங்கிய சிநேகிதர், அது வேறு யாரோ தொட்டது என்று சூப்பர்வைசரிடம் சண்டைக்கே போய்விட்டார். "அண்ணன் கை பச்சையில பட்டா காத்து பட்ட மாதிரிங்க. அவரு ரேகை எப்பிடி வுழும்?" என்று கேட்டாராம். ரேகை அவருடையதுதான். விரலை எடுக்க வேண்டும் என்று அவர் நினைப்பதற்கும் விரல் எழுந்திருப்பதற்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி விழுந்துவிட்டது. அப்போது எங்களில் யாருக்கும் அது தெரியாது. கண்ணில் பவர் குறைந்திருக்கும் என்று கண்ணாடிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அப்புறம் செருப்பு காலில் நிற்கவில்லை, டம்ளர் கையில் நிற்கவில்லை. புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் ஊசியைக் குத்தி, கரண்ட் வைத்துப் பார்த்துவிட்டு, தசைகளுக்குப் போகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன என்றார்கள். நின்றுபோன நரம்பைத் திருப்பிக் கொண்டுவர மருந்து இல்லையாம். சொன்ன டாக்டரம்மா நல்ல பெண். "அறிவு மட்டும் கடைசிவரைக்கும் தெளிவா இருக்கும்மா" என்று ஆறுதலாகச் சொன்னார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அவர் என்னிடம், "அதுதான் பெரிய தண்டனை, அதைப் போயி நல்ல சேதி மாதிரி சொல்லுது அந்தப் பொண்ணு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் அந்தப் பஸ் ஸ்டாண்டில் எல்லார் முன்னாலும் அழுதேன்.

படுக்கையில் விழுந்த பிறகு நான் ஷெட்டில் வேலை பார்ப்பதா, அவர் பக்கத்தில் உட்காருவதா என்பது பெரிய கேள்வியாக இருந்தது. அவர்தான் என்னை விரட்டினார். "நீ இங்க உக்காந்து என் மூஞ்சியையே பாத்துக்கினு இருந்தா எனக்கு இன்னும் சீக்கிரம் சீக்கு முத்தும். போயி வேலையப் பாரு. வேணும்னா கூப்புடறேன்." கூப்பிடுகிற குரல்தான் கூடத்தைத் தாண்டவில்லை.

முதலில் சாதாரண பெல்லைத்தான் மாட்டினேன். வலது ஆள்காட்டி விரல் ஒன்றுதான் அவர் சொன்னதைக் கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த விரலுக்கு அடியில் ஒரு சுவிட்ச். அவர் தொட்டார், உடனே எடுத்துவிட்டார். ஷெட்டில் பெல் 'க்' என்று விக்கியது, அடங்கியது. பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடினால் அதுவும் கேட்காது. கொஞ்சம் அழுத்திப் பிடியுங்கள் என்றால் அவருக்குப் பிடிக்க வரவில்லை. மங்கலம்பேட்டை சிநேகிதர் பார்க்க வந்திருந்தார். "பச்சையில பழகுன கை அக்கா, தொட்டு எடுக்கத்தான் தெரியும்" என்றார். நானும் அதையே நம்பினேன். அழுத்திப் பிடிக்கிற பலம் போய்விட்டது என்பதைவிட அதை நம்புவது இதமாக இருந்தது.

அதனால் சர்க்யூட் கட்டினேன். 555 என்று ஒரு ஐ.சி. இருக்கிறது, எட்டு கால், சுண்டுவிரல் நகம் அளவு. பாடத்தில் மோனோஸ்டேபிள் என்று சொல்லிக்கொடுத்தார்கள். சும்மா கிடக்கும், ஒரு தட்டு தட்டினால் எழுந்து, நாம் குறித்துக்கொடுத்த நேரம் வரை விழித்திருந்துவிட்டு, தானாகத் திரும்பப் படுத்துக்கொள்ளும். தட்டு எவ்வளவு குறுகியது என்பது அதற்குப் பொருட்டே இல்லை. அவர் விரல் கண் இமைக்கிற நேரம் பட்டால் போதும், பெல் நிதானமாக அடித்து ஓயும். ஒரு ரெசிஸ்டரும் ஒரு கண்டென்சரும் சேர்ந்து அந்த நேரத்தை அளந்து கொடுக்கும். அவருடைய சின்னத் துடிப்பை வாங்கி எனக்குக் கேட்கிற அளவுக்கு நீட்டிக் கொடுக்கிற வேலை. கல்லூரியில் அதைப் படித்து மார்க் வாங்கியபோது இப்படி ஒரு நாளைக்கு என்று நினைத்திருப்பேனா?

சுவிட்சை, ஓரம் உடைந்ததென்று தள்ளிவிட்ட ஒரு பீங்கான் ஃபியூஸ் கட்டைக்குள் வைத்து மெழுகு ஊற்றி, விரல் படுகிற உயரத்துக்குச் சரி செய்தேன். "கைக்கு ஜில்லுனு இருக்குது" என்றார். ஸ்ரீமுஷ்ணத்தில் இருக்கிற என் நாத்தனார் அன்று வந்திருந்தது. வயர் கூடத்தைத் தாண்டி ஷெட்டுக்குப் போவதைப் பார்த்துவிட்டு, "எதுக்கு அண்ணி இவ்ளோ பாடு? ஒரு எவர்சில்வர் தட்டும் கரண்டியும் குடுத்தா அண்ணன் தட்டிட்டுப் போவுது" என்றது. "தட்டற கையி இருந்தா நான் ஏன்டி இதுல உக்காந்து உயிர வுடறேன்" என்று கத்திவிட்டேன். அது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனது. அவர்தான் என்னைப் பார்த்து, போய் சமாதானம் பண்ணு என்று கண்ணைக் காட்டினார்.

பெல் முதல் வாரமே பிசகியது. அவர் தொடாமலே அடித்தது. நான் ஈயத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருவேன். "கூப்ட்டீங்களா?" "இல்லியே." திரும்பிப் போய் உட்காருவேன், மறுபடி அடிக்கும். "வேலை செய்ய சோம்பலா இருந்தா நேரா சொல்லு. பெல்லு மேல ஏன் பழி போடற?" என்பார். அப்போது வார்த்தைகள் குழறினாலும் எனக்குப் புரியும். எப்போது அடிக்கிறது என்று காத்திருந்து பார்த்தேன். தண்ணி மோட்டார் போடும்போதெல்லாம் அடித்தது. நீளமான வயர், அது போகிற வழியில் மோட்டார் லைனை உரசிக்கொண்டு போகிறது. மோட்டார் எடுக்கும்போது ஒரு குத்து விழும். அதை அவர் விரல் என்று ஐ.சி. நினைத்துக்கொள்ளும். வயரைத் தள்ளிப் போட்டேன். ஐந்தாம் காலில் ஒரு பொடிக் கண்டென்சர் வைத்தேன், பவர் வருகிற இடத்தில் ஒரு பெரியதை வைத்தேன், தட்டு வாங்குகிற காலை மேலே பிடித்துக்கொள்ளும் ரெசிஸ்டரைக் கொஞ்சம் இறுக்கமானதாக மாற்றினேன். பேய் ஓடிவிட்டது. அவருக்கு அதில் சின்ன வருத்தம். "சும்மானாச்சும் வந்து எட்டிப் பாத்துட்டுப் போவ. அதுவும் போச்சு" என்றார்.

அடுத்து வந்தது நேர் எதிரான தொல்லை. பெல் அடிக்க ஆரம்பித்தால் நிற்கவில்லை. ஓடி வந்து பார்த்தால் விரல் சுவிட்சின் மேலேயே கிடக்கும். இந்த ஐ.சி.யில் அது தெரிந்த குணம்தான். தட்டுகிற தட்டு, குறித்த நேரத்தைவிட நீண்டுவிட்டால் அது படுக்காது, கத்திக்கொண்டே இருக்கும். "விரல எடுங்க" என்றேன். என்னைப் பார்த்தார். கொஞ்சம் கழித்து விரல் எழுந்தது, ரொம்ப மெதுவாக. விளையாடுகிறார் என்று நினைத்தேன். என்னை ஓடவிட்டுப் பார்க்கிறார், மோட்டார் பேய் போன வருத்தத்தில். தொட்டவுடன் எடுக்கிற கை ஆயிற்றே, வேண்டுமென்றுதானே வைத்திருக்க வேண்டும் என்பது என் கணக்கு. "உங்களுக்கு வெளையாட்டு, எனக்கு வேலை கெடுது" என்று சிடுசிடுத்துவிட்டு அதற்கும் ஒரு வழி செய்தேன்.

சுவிட்சுக்கும் ஐ.சி.க்கும் நடுவில் ஒரு கண்டென்சரைக் குறுக்கே வைத்தேன். இனி அழுத்துகிற அந்த நொடி மட்டும்தான் ஐ.சி.க்குத் தெரியும். அதன் பிறகு விரல் எவ்வளவு நேரம் கிடந்தாலும் அது கண்டுகொள்ளாது. குறித்த நேரம் அடித்து நின்றுவிடும். மறுபடி அடிக்க வேண்டுமென்றால் விரலை எடுத்துவிட்டுத் திரும்ப அழுத்த வேண்டும். சரியான முறை இதுதான், எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கும். பெல் ஒழுங்காக அடித்தது, ஒழுங்காக நின்றது. எனக்கு அன்றைக்கு ரொம்பத் திருப்தி.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் கஞ்சியை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். அவர் முகம் கருத்துப்போயிருந்தது. தொண்டையில் சளி கரகரவென்று நிற்கிறது, இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் காதுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. கஞ்சியைப் போட்டுவிட்டு ஓடித் தூக்கிப் பிடித்தேன். வழித்து எடுத்து, முதுகைத் தேய்த்து, மூச்சு சமனுக்கு வரும்வரை தோளில் சாய்த்துப் பிடித்திருந்தேன். "ஏங்க அடிக்கல?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் கழித்து, ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்து, "பெல்லு... வேலை செய்யல" என்றார்.

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. ஊரான் சூளையை எல்லாம் ஓட வைக்கிறேன், என் வீட்டுக்காரர் கூப்பிடுகிற ஒரு பெல் ஓடவில்லை. சுவிட்சை அவர் விரலுக்கு அடியிலிருந்து உருவி எடுத்தேன், போர்டையும் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். மேசையில் வைத்து அழுத்தினால் பெல் அடிக்கிறது. நூறு தடவை அழுத்தினாலும் அடிக்கிறது. திரும்பக் கொண்டுவந்து அவர் கையில் வைத்து, அழுத்துங்கள் என்றேன். அடித்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "பாத்தீங்களா, நல்லாத்தான் இருக்குது" என்றேன். மத்தியானம் மறுபடி சளி, மறுபடி அந்தக் கரகரப்பு. நல்லவேளையாகத் தண்ணீர் குடிக்க உள்ளே வந்ததால் பார்த்தேன். "பெல்லுதான்" என்றார்.

ரிப்பேர்க்காரிக்கு இதைவிடக் கொடுமை கிடையாது. மேசையில் ஓடும், இடத்தில் ஓடாது. ஈயம் சரியாகப் பிடிக்காத இடம் இருக்கும் என்று எல்லாக் காலையும் சூடு காட்டி மறுபடி பற்றவைத்தேன். நேரம் அளக்கிற கண்டென்சர் கசிகிறதோ என்று மாற்றினேன். கடலூருக்குப் போய் நல்ல கம்பெனி ஐ.சி.யாகப் பார்த்து வாங்கி வந்து போட்டேன். அடாப்டரை மாற்றினேன். மழை ஈரத்தில் சுவிட்சுக்குள் களிம்பு ஏறியிருக்கும் என்று அதையும் புதிதாக மாற்றினேன். ஒவ்வொரு முறையும் கொண்டுவந்து விரலுக்கு அடியில் வைத்ததும் ஒரு தடவை அடிக்கும். அவ்வளவுதான். அப்புறம் ஊமையாகிவிடும். ஷெட்டில் வேலை ஓடவில்லை, காதைத் தீட்டிக்கொண்டு பெல்லுக்காகக் காத்திருந்தேன். அடிக்கவில்லை என்றால் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தமா, கெட்டுவிட்டது என்று அர்த்தமா? எழுந்து எழுந்து போய்ப் பார்த்தேன். "பெல்லு சரியில்ல" என்று அவர் என்னைவிட உறுதியாகச் சொன்னார். "ஐ.சி. டூப்ளிகேட்டா இருக்கும்" என்றுகூட ஒருநாள் சொன்னார். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுக்கிறீர்களா என்று அதற்கும் ஒரு சண்டை போட்டேன்.

முதலில் செய்திருக்க வேண்டியதைச் செய்யவில்லை என்று கடைசியில்தான் புரிந்தது. இடத்தில் ஓடாததை இடத்தில்தான் பார்க்க வேண்டும். எந்தப் போர்டைக் கொண்டுவந்தவனிடமும் நான் சொல்வது, "சூளை கிட்டயே வச்சுப் பாக்கணும்யா" என்று. என் வீட்டில் அதைச் செய்யவில்லை. மீட்டரைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, எதையும் கழற்றாமல், சுவிட்சு அவர் விரலுக்கு அடியில் இருக்கும்படியே விட்டுவிட்டு வயரில் மீட்டரின் முனைகளை வைத்தேன்.

சுவிட்ச் அழுந்தாமல் இருந்தால் முழு வோல்ட் நிற்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. பூஜ்யம். வயர் எங்கோ தோல் உரிந்து ஒன்றோடு ஒன்று பட்டுக்கொண்டிருக்கிறது, கண்டுபிடித்துவிட்டேன் என்று சந்தோஷம்கூடப் பட்டேன். வயரைத் தடவிக்கொண்டே கட்டில் வரைக்கும் வந்தேன். எங்கும் உரியவில்லை. சுவிட்சைத் திறந்து பார்ப்பதற்காக அவர் விரலை என் விரலால் மெல்ல நகர்த்தினேன். மீட்டரில் வோல்ட் ஏறி நின்றது. கையை எடுத்தேன். அவர் விரல் திரும்ப விழுந்தது. பெல் அடித்தது, நின்றது. மீட்டர் பூஜ்யத்துக்குப் போனது. அங்கேயே கிடந்தது.

இன்னொரு தடவை தூக்கினேன், விட்டேன். தூக்கினேன், விட்டேன்.

சர்க்யூட்டில் ஒரு குறையும் இல்லை. விரல் எழுந்திருக்கவில்லை. நான் வைக்கும்போது அதன் பாரத்தில் விழுந்து சுவிட்சை அழுத்தும், ஒரு தடவை அடிக்கும், அப்புறம் அப்படியே கிடக்கும். எடுத்தால்தானே மறுபடி அழுத்த? ஒவ்வொரு முறையும் ரிப்பேருக்காக நான் சுவிட்சை உருவியபோதுதான் அது விடுபட்டிருக்கிறது. என் மேசையில் அது நன்றாக ஓடியதற்கு அதுதான் காரணம். அன்றைக்கு பெல் நிற்காமல் அடித்ததே, விரலை எடுங்கள் என்று சிடுசிடுத்தேனே, அது விளையாட்டில்லை. அவர் அப்போதே முழு பலத்தையும் போட்டு ஒரு விரலைத் தூக்கியிருக்கிறார். அதற்குப் பிறகு அந்த பலமும் போய்விட்டது. இவ்வளவையும் டாக்டர் சொல்லவில்லை, என் மீட்டர் சொன்னது.

தலையை நிமிர்த்த எனக்குத் தைரியம் வரவில்லை. நிமிர்ந்தபோது அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் அவருக்கு எல்லாம் முன்பே தெரியும் என்பது தெரிந்தது. எப்படித் தெரியாமல் இருக்கும்? தன் விரல் எழவில்லை என்பது தனக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டேதான் பெல்லு, ஐ.சி., டூப்ளிகேட் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். மூச்சு முட்டிக் கண் பிதுங்கிய நேரத்திலும் குறையை பெல் மேல் போட்டிருக்கிறார். பெல்லைத் திட்டுகிற வரைக்கும் நான் உடைய மாட்டேன் என்று நினைத்திருக்கிறார் அந்த மனிதர்.

 வாய் தன்பாட்டில் பேசியது. "ஐ.சி.தாங்க. நீங்க சொன்ன மாதிரி டூப்ளிகேட்டுதான். ஏமாத்திட்டான். வேற வாங்கணும்" என்றேன்.

அவர் கண்ணை மூடித் திறந்தார். அவருடைய உதடு அசைவதற்காகக் காத்திருந்தேன்.

"அவசரமில்ல" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "மெதுவா பாரு" என்றார்.

அவர் முழுசாகச் சொல்லி எனக்குப் புரிந்த கடைசி வார்த்தைகள் அவை. அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் சத்தங்கள்.

அன்று சாயங்காலம் மங்கலம்பேட்டைக்காரரை வரச் சொல்லி, ஷெட்டிலிருந்த மேசையைக் கூடத்துக்குத் தூக்கி வந்து கட்டிலுக்கு எதிரே போட்டோம். "என்னாக்கா, ஷெட்டு ஒழுவுதா?" என்று கேட்டார். "பெல்லு ரிப்பேரு. சரியாவற வரைக்கும் இங்கதான்" என்றேன். சிநேகிதர் கட்டிலைப் பார்த்தார், அந்தக் கையைப் பார்த்தார், ஷெட்டுக்கு வந்து மேசையின் மறுமுனையைப் பிடித்தார்.

வேறு பெல் செய்திருக்கலாம். புருவம் அசைந்துகொண்டுதான் இருந்தது. நெற்றியில் ஒட்டி வைக்கிற மாதிரி ஒன்று எனக்குச் செய்யத் தெரியும், பெரிய வித்தை இல்லை. நாத்தனார்கூடக் கேட்டது. நான் செய்யவில்லை. துளி அசைவு இருந்தால் அதை நீட்டிக் கொடுக்க என்னால் முடியும். அந்தத் துளியும் ஒருநாள் நின்றுபோகும், அன்றைக்கும் நான் மீட்டரை வைத்துத்தான் அதைக் கண்டுபிடிப்பேன். அவரை இன்னொரு முறை அப்படி அளந்து பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. அதைவிட எதிரே உட்கார்ந்துவிடுவது மேல்.

அப்படி ஒரு வெயில் காலமும் ஒரு மழைக் காலமும் போயின. வருகிறவர்கள் போர்டுகளைக் கூடத்துக்கே கொண்டுவந்தார்கள், செருப்பைக் கழற்றிவிட்டு அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு என்னிடம் திட்டு வாங்கினார்கள். ஈயப் புகை அவர் பக்கம் போகாதபடி ஃபேனைத் திருப்பி வைத்தேன். பேட்டையில் எந்தச் சூளை விரிசல் விட்டது, எந்த ஓனருக்கும் யாருக்கும் தகராறு, ஜங்ஷனில் எந்த ரயில் தாமதம் என்று எல்லாம் சொல்லிக்கொண்டே வேலை பார்ப்பேன். பதில் வராது. சரி என்றால் ஒருமுறை இமையை மூடுவார், அதுவும் நான் நிமிர்ந்து கேட்டால். பாதி நேரம் நான் கேட்பதில்லை. அவருக்குப் பிடித்த மாதிரி நானே பதிலையும் சொல்லிக்கொண்டு போவேன். முன்பு ஷெட்டில் இருந்தபோதுகூட நாங்கள் இவ்வளவு பேசியதில்லை.

ஒருநாள் முற்பகல் அவருக்குச் சளி எடுத்து, கஞ்சி கொடுத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். மேசையில் ஒரு ஜாடி யூனிட்டின் போர்டு. யாரோ ஒருவன் அதில் ஃபியூஸ் போட வேண்டிய இடத்தில் தடித்த செம்புக் கம்பியை முறுக்கி வைத்திருந்தான், போர்டு பாதி கருகியிருந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "பாருங்க இந்த அநியாயத்த. இவனுக்கெல்லாம் ஒயர்மேன் வேலைய யாரு குடுத்தா? சூளை வெடிச்சிருந்தா எத்தினி உசுரு போயிருக்கும்" என்று அவரிடம் முறையிட்டுக்கொண்டே கருகிய தடங்களை ஒவ்வொன்றாகச் சுரண்டினேன். கம்பியைப் பிடுங்கினேன், புதுத் தடம் போட்டேன், அவன் வாத்தியாரையும் சேர்த்துத் திட்டினேன். போர்டுக்கு உயிர் வந்தது, சிவப்பு எண்கள் எரிந்தன. "முடிஞ்சிதுங்க" என்று நிமிர்ந்தேன். அவர் கண் என் பக்கம்தான் இருந்தது. "ஃபேன கொஞ்சம் கூட்டி வைக்கட்டுமா?" என்று கேட்டேன். இமைக்காகக் காத்திருந்தேன். மறுபடியும் கேட்டேன்.

எப்போது போனார் என்று எனக்குத் தெரியாது. எட்டித் தொடுகிற தூரத்தில்தான் இருந்தேன். பதில் வராத பேச்சு பழகிப்போயிருந்ததால் அந்த மௌனம் எனக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை. அவர் போன பிறகும் அந்தக் கம்பி முறுக்கியவனைப் பற்றி அவரிடம் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். என்னைக் கூப்பிட வேண்டும் என்று நினைத்தாரா, நினைத்தால் எவ்வளவு நேரம் நினைத்தார், எதுவும் தெரியாது. போர்டின் மேல் குனிந்திருந்த என் உச்சந்தலையைத்தான் அவர் கடைசியாகப் பார்த்திருப்பார்.